அல்லி தர்பாரில் ஒரு காலைப் பொழுது
(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் அல்லி அரசாணியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வீட்டில் பெண் பேச்சு எடுபட்டால் ‘அல்லி ராஜ்ஜியம்’ என்கிறோம். ஆபீஸில் ஒரு பெண் அதிகாரி கறாராக இருந்தால் ‘அல்லி தர்பார்’ என்கிறோம். அந்த அல்லி ஆண்ட நாட்டில் என்ன கெட்டுப்போயிற்று என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும். மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கல்லூரி விழாவுக்காக அல்லி கதையை அல்லியே சொல்வதுபோல் ஓரங்க நாடகம் எழுதுகிறேன். அர்ச்சுனன் அவள் தூங்கும்போது தாலி கட்டுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தக் காட்சியே வேண்டாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். காதல் காட்சியாக மாற்றிவிடு என்கிறாள் தோழி. என்ன செய்யட்டும் அம்மா?
– மாணவி, தென்காசி

விடவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம் மகளே. ஏன் என்று சொல்ல எங்கள் அப்பத்தாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திருமங்கலம் பக்கத்துக் கிராமம். அப்பத்தாவிடம் ‘பெரிய எழுத்து’ அல்லி அரசாணி மாலை இருந்தது. மொச்சைக்கொட்டை பருமனில் எழுத்து, தொட்டால் உதிரும் தாள். அந்தக் காலத்தில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ், ஆர்.ஜி.பதி கம்பெனி என்று சென்னையில் அச்சடித்து, தேர்த் திருவிழாக் கடைகளில் விற்ற புத்தகங்கள். கடலை உடைக்கிற மாதங்களில் ராத்திரி எங்கள் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு சொளகு. அப்பத்தா அரிக்கேன் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ராகம் போட்டு வாசிக்கும்.

பாண்டியன் வளர்த்த பெண். நீண்முகனிடம் பறிபோன நாட்டைச் சண்டை போட்டு மீட்டவள். மந்திரியும் பெண், காவலும் பெண். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். அவள் மேல் ஆசைப்பட்டு வந்த அர்ச்சுனனை அண்டவிடவில்லை. கடைசியில் கண்ணன் பாம்பாட்டியாக வருகிறான், அர்ச்சுனன் பாம்பாக வருகிறான். பாம்பு அவள் படுக்கைக்குப் போகிறது. தூங்குகிற கழுத்தில் தாலி ஏறுகிறது.

அந்த இடம் வந்ததும் அப்பத்தா விரலை நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடிவிடும். வெற்றிலை போட என்று எனக்கு நினைப்பு. கீழ்வீட்டுக் கிழவி ஒருத்தி, ஒவ்வொரு வருஷமும், அந்த இடத்தில் ஒரே வார்த்தைதான் சொல்லும்: “முழிச்சிருந்தா கட்டிருப்பானா?” யாரும் பதில் சொல்லமாட்டார்கள். கடலை ஓடு நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் அப்பத்தா புத்தகத்தைத் திறக்கும், கதை போகும்.

எனக்கு அப்போது பத்து வயசு. அந்த மௌனம் புரிய முப்பது வருஷம் ஆயிற்று. அந்தத் திண்ணையில் இருந்தவர்களில் பாதிப்பேர் பதினாலு பதினைந்து வயசில், யார் என்ன என்று தெரியாமல் கழுத்தை நீட்டியவர்கள். அந்தக் காட்சியை நீ வெட்டினால் அவர்கள் கேட்ட கேள்வியையும் வெட்டுகிறாய். காதல் காட்சியாக்கினால், கேட்டவர்கள் வாயையே மூடுகிறாய்.

இந்தப் பாட்டு யாருக்காகப் பிறந்தது என்பதற்கே ஒரு கதை உண்டு. ஒட்டக்கூத்தர் புகழேந்திப் புலவரைச் சிறையில் போட்டாராம். சிறை ஓரமாகத் தண்ணீர் எடுக்கப் போகிற பெண்களுக்குப் புகழேந்தி இந்த மாலைகளைப் பாடிக் கொடுத்தாராம். அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுப் பிழைத்தாராம். நளவெண்பா பாடியவரின் நடையே இது இல்லை என்று சொல்லித் தமிழறிஞர்கள் இந்தக் கதையை ஒப்பமாட்டார்கள், அது சரிதான். ஆனால் பெண்கள் கேட்ட பாட்டு, பெண்கள் சோறு போட்டு வளர்த்த பாட்டு என்று ஊர் நினைத்ததே, அதை நான் பெரிசாக எடுத்துக்கொள்கிறேன்.

இனி உன் நாடகம். நீ அனுப்பிய இரண்டு பக்கத்தையும் படித்தேன். திரை விலகியதும் அல்லி அழுகிறாள், அப்புறம் கோபப்படுகிறாள், மறுபடி அழுகிறாள். மகளே, அவள் எப்போது நாட்டை ஆண்டாள்? அரசாணி என்று பேரில் இருக்கிறது, மேடையில் இல்லை. முதல் பத்து நிமிஷம் அவளை வேலை செய்ய விடு. காலை தர்பார். வைகையில் தண்ணீர் குறைவு. மேல்மடைக்காரர்கள் அடைத்துவிட்டார்கள் என்று கீழ்மடைக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். அவள் விசாரிக்கட்டும். கணக்குப்பிள்ளைப் பெண் ஓலையைப் பார்த்து மழுப்பினால், அல்லி மனசிலிருந்தே கணக்கைச் சொல்லட்டும். மத்தியானம் குதிரை லாயத்தைப் பார்க்கட்டும். குதிரையின் குளம்பைத் தூக்கி லாடத்தைத் தொட்டுப் பார்க்கிற ராணியைச் சபை மறக்காது.

ராத்திரிக் காட்சியில் அர்ச்சுனன் மேடைக்கே வரவேண்டாம். விளக்கு அணைந்து, விடிந்து எரியட்டும். அவள் எழுந்து, வழக்கம்போல் கூந்தலை முன்னால் எடுத்துப் போடுகிறாள். கழுத்தில் எதுவோ மாட்டுகிறது. ஆரம் இல்லை. ஆரத்தை ராத்திரியே கழற்றி வைத்துவிட்டாள். விரல் நூலைப் பிடிக்கிறது, நூலோடு கீழே இறங்குகிறது. புது மஞ்சள் விரலில் ஒட்டியிருக்கிறது. அவள் அந்த விரலை விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். அவ்வளவு போதும்.

அப்புறம் அவள் முதலில் பேசுவது என்ன? நீ எழுதியிருப்பது “ஐயோ, என் வாழ்க்கை போச்சே.” நாட்டை மீட்டவள் அப்படியா பேசுவாள்? “நேற்று மூன்றாம் ஜாமக் காவல் யார்?” என்று கேட்பாள். விசாரணை நடத்துவாள். பாம்பை உள்ளே விட்டது யார் என்று கேட்டு வருகிறபோது, அதைத் தன் கையால் வாங்கி வைத்துக்கொண்டவள் தானே என்ற இடத்தில் வந்து நிற்பாள். அங்கே அவள் அழட்டும். அந்த அழுகையை நானும் உன்னோடு அழுவேன்.

கதையில் அவள் அதோடு அடங்கவில்லை. படை எடுக்கிறாள். புலந்திரன் பிறக்கிறான். அந்தப் பிள்ளை பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடியைக் கட்டிக்கொள்கிறான். அதற்குப் பிறகு அல்லியைப் பொறாமைக்காரியாகவே மேடைகள் காட்டிவந்தன. அது வேறு நாடகம், அதற்குள் நீ போகாதே. ஒன்று மட்டும் தெரிந்துகொள். வியாச பாரதத்துச் சித்திராங்கதையைத்தான் தமிழில் பாண்டியன் மகளாக்கிக்கொண்டோம். அவள் கல்யாணத்தில் தகப்பன் முதலிலேயே பேசிவிடுகிறான்: பிறக்கிற பிள்ளை என் வம்சத்துக்கு. அர்ச்சுனனும் ஒப்புக்கொள்கிறான். அந்தப் பிள்ளை பப்புருவாகனன்தான் பின்னால் போரில் அர்ச்சுனனையே சாய்க்கிறான். அர்ச்சுனனின் இன்னொரு மனைவியான நாகப் பெண் உலூபி, உயிர் கொடுக்கும் மணியைக் கொண்டுவந்து உயிர்ப்பிக்கிறாள். கேட்டு, பேசி, ஒப்புக்கொண்டு நடந்த கல்யாணம் ஒன்று மூலத்தில் இருக்க, பாட்டில் அது தூக்கத்தில் நடந்ததாக ஆனது ஏன்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாடினவர்களும் கேட்டவர்களும் தங்கள் வீட்டில் பார்த்ததைப் பாட்டுக்குள் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்று அல்லி, நாளை மீனாட்சியம்மையையும் ‘பெண் பார்வையில்’ மாற்றி எழுதுவார்கள். புராணத்தில் கைவைக்க நமக்கு என்ன உரிமை?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சேலம்

ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன். நான் மதுரைக்காரி, மீனாட்சி எங்கள் வீட்டுப் பெண். ஆனால் அவள் கதையை அவள் பக்கமிருந்து சொல்வதைப் புதுசாக யாரும் ஆரம்பிக்க வேண்டியதில்லை. கோயிலே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சித்திரைத் திருவிழாவின் வரிசையைப் பாருங்கள். எட்டாம் நாள் பட்டாபிஷேகம். ஆறுகால் பீடத்தில் வைத்து, வேப்பம்பூ மாலை போட்டு, ராயர் கிரீடம் சாற்றி, செங்கோல் கொடுக்கிறார்கள். ஒன்பதாம் நாள் திக்விஜயம். கல்யாணம் பத்தாம் நாள்தான். முடி முதலில், போர் அடுத்து, தாலி அப்புறம். கல்யாணமான பிறகும் ஆட்சி அவளுடையது. சித்திரை முதல் ஆடி வரை நாலு மாசம் மதுரையை அவள் ஆள்கிறாள். ஆவணி மூலத் திருவிழாவில்தான் சுவாமிக்குப் பட்டம்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தைத் தாங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். மலயத்துவசனும் காஞ்சனமாலையும் பிள்ளை வேண்டி வேள்வி செய்ய, தீயிலிருந்து மூன்று தனங்களோடு ஒரு பெண் குழந்தை வருகிறது. அரசன் கலங்குகிறான். ஆண் பிள்ளைக்குச் செய்வதெல்லாம் இவளுக்குச் செய், முடியும் சூட்டு என்று அசரீரி சொல்கிறது. தடாதகை என்று பேர். திசையெல்லாம் வென்று கயிலை வரை போய், சிவனைக் கண்டதும் ஒரு தனம் மறைகிறது, நாணி நிற்கிறாள். எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த நாணத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த நாணத்தின் மேல் குறை எதுவும் கிடையாது, அழகான இடம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சிறு பெண், மூன்று தனங்களோடு, எல்லாரும் பார்க்கச் சபையில் வளர்ந்திருக்கிறாள். வாள் பிடித்திருக்கிறாள், தேர் ஏறியிருக்கிறாள். அந்த வருஷங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று யோசிப்பது அவளை அவமதிப்பதாகுமா?

அடுத்த முறை மதுரை வந்தால், கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தடாதகையைத் தேடிப் பாருங்கள். கல்லில் மூன்று தனங்களோடு நிமிர்ந்து நிற்கிறாள். சிற்பி கூச்சப்படவில்லை, மறைக்கவுமில்லை. நான் சின்னவளாக இருந்தபோது அந்த மண்டபம் முழுக்கக் கடைகள். தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில், தூணுக்குத் தூண் ரவிக்கைத் துணி தொங்கும். அளவு கொடுக்க வந்த அம்மாவோடு நிற்கும்போது முதல்முதலாக அவளைப் பார்த்தேன். அம்மா என் கண்ணைப் பொத்தவில்லை. “கும்பிட்டுக்கோ, ராணி” என்றாள்.

குவேனியைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை. எங்கட பிள்ளைகளுக்கு அவளைப் பேய் எண்டுதான் சொல்லிக் குடுக்கினம். அவள் பக்கம் கதை உண்டா?
– வாசகி, திருகோணமலை

உண்டு அக்கா. எழுதாதது என் தவறு.

இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம், இயக்கர் குலத்துக் குவேனியை முதலில் காட்டுகிற இடத்தைப் பாருங்கள்: மரத்தடியில் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். கடல் கடந்து வந்து இறங்கிய இளவரசன் விசயனின் ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து அடைத்துவிடுகிறாள். விசயன் வந்து கழுத்தில் சுருக்குப் போட்டு, ஒரு கையால் மயிரைப் பிடித்து, மறு கையில் வாளை ஓங்குகிறான். உயிருக்கு விலையாக ராஜ்ஜியம் தருகிறேன் என்கிறாள். சொன்னபடி செய்கிறாள். கப்பல்களிலிருந்து எடுத்துவைத்திருந்த அரிசியைக் கொடுத்து அவர்கள் பசியாற்றுகிறாள். இயக்கர்கள் கல்யாணத்துக்குக் கூடியிருக்கிற இரவில், அவர்களை எப்படி வெட்டுவது என்று வழி சொல்கிறாள். சொந்த சனத்தைக் கொடுத்து வாங்கிய வாழ்க்கை அது.

பிறகு விசயனுக்குப் பட்டாபிஷேகம் வேண்டும், அதற்கு க்ஷத்திரியப் பெண் வேண்டும். முத்தும் மணியும் கொண்டு தூது போவது எங்கே? எங்கள் மதுரைக்கு. பாண்டியன் மகளை அனுப்புகிறான். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போ, உனக்கு ஆயிரம் பொன்னில் பலி கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்று விசயன் குவேனியிடம் சொல்கிறான். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே போகிறாள். பயந்துகொண்டே இலங்காபுரத்துக்குப் போய், பிள்ளைகளை ஊருக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே நுழைகிறாள். ஓர் இயக்கன் ஒரே அடியில் கொன்றுவிடுகிறான்.

நான் எழுதினால், ஊருக்கு வெளியே அவள் பிள்ளைகளை உட்காரவைக்கிற அந்த இடத்தில்தான் தொடங்குவேன். என்ன சொல்லி உட்காரவைத்திருப்பாள்? உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தானே வெளியே விட்டாள். காட்டிக்கொடுத்தவள் என்ற பழியை அவள் மேலிருந்து துடைக்கமாட்டேன். அவள் செய்ததுதான் அது. கழுத்தில் சுருக்கு இருந்தபோது செய்தாள், சுருக்கு கழன்ற பிறகும் செய்தாள். அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் மனசு எங்கே இருந்தது என்று நீங்கள் எழுதுங்கள். உங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன்: கடல் கடந்து போன அந்த மதுரைப் பெண்ணுக்கு மகாவம்சத்தில் பேர் கூட இல்லை. அவள் கரையிறங்கிய அன்று, தனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவள் எங்கே என்று கேட்டிருக்கமாட்டாளா?

இப்படிக் கதைகளை ‘நான்’ என்று எழுதுவதா, ‘அவள்’ என்று எழுதுவதா?
– வாசகர், கோவை

அவளுக்குத் தெரியாதது கதையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நிறைய இருந்தால் ‘நான்’ நல்லது. பாம்பாக வந்தது யார் என்று அல்லிக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். அந்த இடைவெளி உங்களுக்கு வேலை செய்யும். ஒரு பிழை மட்டும் வேண்டாம். ‘நான் வீரமானவள், யாருக்கும் அஞ்சாதவள்’ என்று ராணியையே சொல்லவைக்காதீர்கள். எனக்கு வருகிற கதைகளில் பத்துக்கு ஏழு அப்படித்தான் தொடங்குகின்றன.

ராணி மங்கம்மாள் இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டு, அந்தப் பாவம் தீரத்தான் சாலை போட்டார் என்று என் மாமியார் சொல்வார். உண்மையா?
– வாசகி, மதுரை

உங்கள் மாமியார் சொல்வது நம் பக்கத்தில் பழைய கதை. ஏதோ நினைவில் இடது கையால் வெற்றிலையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாராம். மனசு கேட்காமல் பெரியவர்களிடம் பரிகாரம் கேட்டாராம். சாலையும் சத்திரமும் மரமும் அப்படி வந்தனவாம்.

எனக்கு அந்தக் கதையில் இடது கை உறுத்தவில்லை. பரிகாரம்தான் உறுத்துகிறது. கணவர் சொக்கநாத நாயக்கர் போய், மகன் முத்துவீரப்பனும் போய், கைக்குழந்தைப் பேரனை வைத்துக்கொண்டு 1689-லிருந்து 1706 வரை ஆண்டவர். படை நகரவும், வண்டி போகவும், வரி வந்து சேரவும், யாத்திரைக்காரர் இளைப்பாறவும் சாலை வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? திருமலை நாயக்கர் மகால் கட்டியதற்கு அவர் எந்தக் கையால் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லையே. ஒரு பெண் ஆண்டதை நேராக ஒப்புக்கொள்ள ஊருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது, நடுவில் ஒரு பாவத்தைச் செருகிக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் அவரை அடைத்து வைத்து, சாப்பாட்டைக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வைத்துப் பட்டினி போட்டார்கள் என்றும் கதை சொல்கிறார்களே. அந்த வாசனை எட்டிய தூரத்தில் உட்கார்ந்து அவர் எதை நினைத்திருப்பார்? எனக்குத் தோன்றுவது, புளியமரம் இரண்டு பக்கமும் நிழல் விழும் ஒரு சாலை.

மாமியாரிடம் சண்டை பிடிக்காதீர்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற மங்கம்மாள் சத்திரத்துக்கு அவரை ஒரு நாள் கூட்டிப்போங்கள், அங்கே நின்று அந்த வெற்றிலைக் கதையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

தென்காசி மகளே, நாடகம் என்றைக்கு என்று நீ எழுதவே இல்லை. தேதியை அனுப்பு. கீழ்வீட்டுக் கிழவியின் பேத்தி இப்போது உங்கள் ஊர்ப்பக்கம்தான் இருக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.